கல்யாணப் படப்பிடிப்பில் லென்ஸும் ஃபிளாஷும் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

கல்யாண வேலையில் படம் கெட்டால் முதல் பழி லென்ஸ் மேல் விழும், அடுத்த பழி ஃபிளாஷ் மேல். பல நேரம் இரண்டுமே குற்றவாளி அல்ல. ஒரு சுவிட்ச் இடம் மாறியிருக்கும், நாலு செல்லில் ஒன்று செத்திருக்கும், ஷட்டர் ஒரு படி கூடுதலாக ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், புதிதாக வாங்க வேண்டியதோ சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதோ கடைசியிலும் வருகிறது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், சரியானதும் நிறுத்திவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிப் படம் சரியாகிவிட்டால், எது காரணம் என்று அடுத்த கல்யாணத்திலும் தெரியாது.

லென்ஸ் மி.மீ. கணக்கெல்லாம் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடிக்கு. கிராப் (சின்ன சென்சார்) பாடி வைத்திருப்பவர்கள் 1.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்; கேனான் கிராப் என்றால் 1.6.

## ஃபிளாஷ் அடிக்கவே இல்லை

ஃபிளாஷின் முதுகில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அடுத்து எங்கே தேடுவது என்பதை அது சொல்லிவிடும்.

### டெஸ்ட் பட்டனில் அடிக்கிறது, கேமராவில் அடிக்கவில்லை

1. சைலன்ட் மோடு அல்லது எலக்ட்ரானிக் ஷட்டர் ஆனில் இருக்கிறதா? பெரும்பாலான மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) பாடிகளில் அது ஆனில் இருந்தால் ஃபிளாஷுக்குச் சிக்னலே போகாது. சத்தம் கேட்கக் கூடாத நேரத்துக்குப் போட்டுவிட்டு, குரூப் போட்டோவுக்கு வரும்போது எடுக்க மறப்பதுதான் இந்தப் புகாரின் வழக்கமான காரணம்.
2. மெனுவில் வெளி ஃபிளாஷ் தடுக்கப்பட்டிருக்கிறதா? எச்டிஆர் போன்ற சில மோடுகளும் ஃபிளாஷை ஓசைப்படாமல் நிறுத்திவிடும்.
3. ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? ஒரு மி.மீ. பின்னால் நின்றாலே போதும், நடுவில் இருக்கும் முனை தொடாமல் போய்விடும். லாக்கை முழுதாகத் தளர்த்தி, முன்னால் முட்டும்வரை தள்ளி, அதன் பிறகு பூட்டுங்கள். பாதி தள்ளிய நிலையில் பூட்டினாலும் கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், அதில்தான் ஏமாறுகிறோம்.
4. முனைகளில் வியர்வைக் கறை படிந்திருக்கிறதா? ஃபிளாஷின் அடியில் உள்ள முனைகளைப் பென்சில் ரப்பரால் நாலைந்து முறை லேசாகத் தேய்த்து, தூளை ஊதுகுழாயால் ஊதுங்கள். கேமராவின் ஷூவைச் சுத்தம் செய்யும்போது பாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சோனி பாடிகளில் ஷூவின் முன்விளிம்புக்கு அடியில் நுண்ணிய பின் வரிசை ஒன்று உண்டு. அதன்மேல் ரப்பர் வைக்காதீர்கள், ஊதினால் போதும். அதில் ஒரு பின் வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

### டிரிக்கர் வைத்தால் மட்டும் அடிக்கவில்லை

டிரிக்கர் என்பது தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து ரேடியோவில் அடிக்க வைக்கும் கருவி. சேனல், குரூப், வயர்லெஸ் ஐடி மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்து, ஃபிளாஷ் ரேடியோ ஸ்லேவில் (டிரிக்கரின் அலைக்கு அடிக்கும் மோடு) நிற்கிறதா, ஆப்டிக்கல் ஸ்லேவுக்கு (வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்துக்கு அடிக்கும் மோடு) தாவிவிட்டதா என்பது. சில டிரிக்கர்களில் 0–30 மீட்டர், 1–100 மீட்டர் என்று தூரத் தேர்வு இருக்கும். தூர மோடில் வைத்துக்கொண்டு ஃபிளாஷைக் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தினால் அடிக்காமல் போகலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் விட்டு விட்டு அடித்தால் சேனலை மாற்றுங்கள். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடைபோல இருக்கும்.

### டெஸ்ட் பட்டனிலும் அடிக்கவில்லை

செல் திசை மாறியிருக்கலாம், அல்லது நாலில் ஒன்று காலியாக இருக்கலாம். முழு சார்ஜ் ஏறிய வேறு நாலு செல்லைப் போடுங்கள். ரெடி விளக்கு எரிந்தும் அடிக்கவில்லை என்றால் டியூப் போயிருக்கலாம். விளக்கே எரியாமல் கீச்சென்ற சத்தம் மட்டும் கேட்டால் சார்ஜிங் சர்க்யூட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் சர்வீஸ்தான் வழி. ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

## இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை இருட்டாக விழுகிறது

ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆவதற்குள் நீங்கள் அடுத்த படத்தை அழுத்திவிடுகிறீர்கள். அது ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

முழு பவரில் ஓடுகிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 400ல் நின்றுகொண்டு ஃபிளாஷைக் கசக்குவது பழைய பழக்கம். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் அதே வெளிச்சத்துக்குக் கால்வாசி பவர் போதும், ரீசைக்கிள் (மறுபடி சார்ஜ் ஆகும்) நேரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். இன்றைய பாடிகளில் 1600 ஒரு பிரச்சினையே இல்லை. கிரெயினுக்கு (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) பயந்து இருட்டுப் படம் எடுப்பதில் எந்த லாபமும் இல்லை. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கும்போது அதைவிட அதிகக் கிரெயின் வரும்.

செல் வகை தப்பு. சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்து அல்கலைன் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாஷ் ஒரே இழுப்பில் கேட்கும் கரன்ட்டை அல்கலைனால் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். சார்ஜ் சீக்கிரம் கசியாத வகையில் 2000 எம்ஏஎச் அளவு நிக்கல் செல்களை வாங்கி, நாலு நாலாகப் பிரித்து மார்க்கரால் எண் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலும் எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் ஆக வேண்டும், ஒன்றாகவே ஓட வேண்டும். ஒரு செட்டில் பழைய செல் ஒன்று கலந்தாலும் மற்ற மூன்றும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு ஃபிளாஷுக்கு மூன்று செட் என்பது ஒரு முழு நாளுக்கு நியாயமான கணக்கு.

சூடு. தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சில மாடல்களில் தெர்மாமீட்டர் படம் வரும், சிலவற்றில் எதுவும் காட்டாது. தலையைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து, இரண்டாவது ஃபிளாஷை மாட்டுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்தான் லித்தியம் பேட்டரி ஃபிளாஷ். முழு பவரிலும் 1.5 முதல் 2 நொடிக்குள் தயாராகிவிடும். அதன் பேட்டரி கொஞ்சமாவது உப்பியிருந்தால் சார்ஜ் போடவும் கூடாது, ஃபிளாஷுக்குள் அழுத்திச் செருகவும் கூடாது. தனியாக எடுத்து வைத்து, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

## படத்தில் பட்டை விழுகிறது

பட்டை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### ஒரு ஓரத்தில் நேர்கோடாக வெட்டியதுபோல் கருப்பு

ஷட்டர், ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகமான சிங்க் ஸ்பீடைத் தாண்டிவிட்டது. ஃபுல் ஃபிரேம் பாடிகளில் இது வழக்கமாக 1/200 அல்லது 1/250. ரேடியோ டிரிக்கர் சில நேரம் சற்றுத் தாமதிக்கும். அப்போது 1/160க்கு இறக்கினால் பட்டை மறைந்துவிடும். கேமராவில் நேரடியாக மாட்டிய ஃபிளாஷ் சரியாக இருந்து, டிரிக்கரில் மட்டும் பட்டை வந்தால் காரணம் இதுதான்.

வெயிலில் எஃப் 2.8ல் (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துவாரம் பெரிது) எடுக்க வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 100லேயே ஷட்டர் 1/3200 பக்கம் போய்விடும். அங்கே ஹைஸ்பீடு சிங்க் (சிங்க் ஸ்பீடுக்கு மேலும் ஃபிளாஷை அடிக்க வைக்கும் மோடு) தேவை. ஆனால் அதை ஆன் செய்த உடனே ஃபிளாஷின் பலத்தில் 2 ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) அதற்கு மேலோ போய்விடும். சின்ன ஃபிளாஷை 2 மீட்டருக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். 200 வாட்-செகண்டு ஃபிளாஷ் வாங்குவது பற்றி யோசிக்க வேண்டியது இந்த நிலைமைக்குத்தான், மண்டபத்துக்கு உள்ளே எடுப்பதற்கு அல்ல.

### அடியில் நடுவில் அரைவட்ட நிழல்

லென்ஸ் ஹூடின் நிழல். ஹூடைக் கழற்றுங்கள், அல்லது ஃபிளாஷின் தலையை மேலே திருப்புங்கள்.

### படம் முழுக்க வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள், அல்லது படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது

இதற்கும் ஃபிளாஷுக்கும் தொடர்பில்லை, மண்டபத்து எல்இடி விளக்குகள் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் அவை நொடிக்கு 100 முறை துடிக்கும். அங்கே ஷட்டர் 1/100 அல்லது 1/50. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. அங்கே 1/125 அல்லது 1/60. எலக்ட்ரானிக் ஷட்டரில் கோடுகள் இன்னும் மோசமாக விழும் என்பதால் முதல் வேலையாக மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். மேடையின் பின்னால் நிற்கும் எல்இடி திரை மட்டும் இதற்கெல்லாம் மசியாது, அதன் துடிப்பே வேறு. ஷட்டரை நுண்ணிய படிகளாக நகர்த்தும் வசதி உங்கள் பாடியில் இருந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

## பௌன்ஸ் செய்தால் வெளிச்சம் போதவில்லை

பௌன்ஸ் என்பது ஃபிளாஷைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்புவது. ஃபிளாஷின் ஜூம் தலை 105லோ 200லோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த நிலையில் கூரையில் ஒரு சின்னப் பொட்டுதான் விழும். 35 அல்லது 50க்கு இறக்குங்கள். உள்ளிருந்து இழுக்கும் வைடு பேனல் வெளியே வந்து நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கூரையைப் பாருங்கள். ஃபிளாஷின் பலத்தைச் சொல்வது கைடு நம்பர், அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். கைடு நம்பர் 36 (35 மி.மீ. ஜூமில், ஐஎஸ்ஓ 100ல்) உள்ள ஒரு ஃபிளாஷை வைத்துக் கணக்குப் போடுவோம். ஐஎஸ்ஓ 1600ல் அது 4 மடங்காகி 144 ஆகும். கூரை 4 மீட்டர் உயரம், ஆள் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பி முகத்துக்கு வரும் வழி சுமார் 5.5 மீட்டர். 144ஐ 5.5ஆல் வகுத்தால் எஃப் 26. வெள்ளைக் கூரை விழுங்குவதற்கு 3 ஸ்டாப் கழித்தால் எஃப் 9. நீங்கள் எடுப்பது எஃப் 4ல் என்றால் கால்வாசி பவரில் வேலை முடியும். நிம்மதியான நிலைமை.

அதே ஃபிளாஷ், கூரை மட்டும் 8 மீட்டர் என்று வையுங்கள். வழி 13 மீட்டர் ஆகிவிடும். வகுத்தால் எஃப் 11, கூரைக்குக் கழித்தால் எஃப் 4. ஒவ்வொரு படமும் முழு பவர் கேட்கும். மேலே சொன்ன ரீசைக்கிள் பிரச்சினையும் சூடும் உங்களைத் தேடி வந்துவிடும். கூரை மரமாகவோ கருப்பாகவோ துணிப் பந்தலாகவோ இருந்தால் இந்தக் கணக்கையே போட வேண்டாம்.

கூரை உதவாத இடத்தில் செய்ய வேண்டியவை, செலவு ஏறும் வரிசையில்: பக்கச் சுவரோ தூணோ வெள்ளையாக இருந்தால் அதில் அடியுங்கள். கலர் சுவரைத் தவிருங்கள், அந்தக் கலர் முகத்தில் ஏறிவிடும். சுவரும் இல்லையென்றால், உதவியாளர் கையில் ஒரு ரிஃப்ளெக்டர். அதுவும் தோதுப்படவில்லை என்றால் இரண்டு ஃபிளாஷை 2.5 முதல் 3 மீட்டர் உயர ஸ்டாண்டில், மேடையின் இரண்டு மூலைகளிலும் டிரிக்கர் வைத்து நிறுத்துவது. முக்கிய விளக்குக்கு 100 செ.மீ. குடை ஒன்று போதும், பெரிய சாஃப்ட்பாக்ஸ் கூட்டத்தில் இடிபடும். ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் பை தொங்க வேண்டும். அதை விடக் கூடாது, குழந்தைகள் ஓடும் இடத்தில் ஸ்டாண்டு சாய்ந்தால் உடைவது ஃபிளாஷ் மட்டுமல்ல.

ஃபிளாஷ் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றிலும் சுவரும் தாழ்ந்த கூரையும் இருந்தால் அது உதவும். பெரிய மண்டபத்திலோ திறந்த வெளியிலோ வெளிச்சத்தை நாலாபக்கமும் வீணடிப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

## முகம் வெளுத்து, பின்னால் மண்டபமே காணோம்

ஃபிளாஷ் குறைந்த ஷட்டரிலும் அதிக ஷட்டரிலும் ஒரே அளவுதான் விழும். பின்னால் தெரிவது மண்டபத்து வெளிச்சம். அதற்கு ஷட்டரைத் தாழ்த்த வேண்டும். கேமராவை மேனுவலில் போட்டு எஃப் 2.8, 1/80, ஐஎஸ்ஓ 1600 என்று ஆரம்பியுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். மண்டபம் கொஞ்சம் இருட்டாக, சுமார் ஒன்றரை இரண்டு ஸ்டாப் குறைவாகத் தெரிந்தால் சரியான இடம். இப்போது ஃபிளாஷை ஆன் செய்து முகத்துக்கு மட்டும் சரிக்கட்டுங்கள்.

ஷட்டரைத் தாழ்த்தியதும் ஆடுபவர்களின் கைகள் பேய்போல இழுபட்டால் 1/160க்கு ஏற்றுங்கள். இழுபடுவதே அழகாக வேண்டுமென்றால் ரியர் கர்ட்டன் சிங்க் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிப்பது) போடுங்கள், கோடு ஆளுக்குப் பின்னால் விழும்.

## ஒரே இடம், ஒரே ஆட்கள், ஒவ்வொரு படத்திலும் ஒரு வெளிச்சம்

டிடிஎல் (ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் மோடு) உடைகளைப் பார்த்து ஏமாறுகிறது. ஃபிரேம் நிறைய வெள்ளை உடை இருந்தால் படத்தை இருட்டாக்கும். ஃபிளாஷ் காம்பன்சேஷனில் +0.7 முதல் +1 கொடுங்கள். கருப்பு கோட்டு நிறைந்திருந்தால் வெளுக்கும், −0.7. பின்னால் கண்ணாடியோ பளபளக்கும் சரிகைத் திரையோ இருந்தால் எந்த எண்ணும் நிலைக்காது.

அங்கே மேனுவல் ஃபிளாஷ்தான் தீர்வு. குரூப் போட்டோ வரிசையில் ஆட்கள் மாறுவார்கள், தூரம் மாறாது. தூரம் மாறாத இடத்தில் டிடிஎல்லுக்கு வேலையே இல்லை. 1/8 பவரில் ஆரம்பித்து, ஒரு படம் பார்த்து, ஏற்றி இறக்கி நிறுத்திவிட்டால் நூறு குரூப்புக்கும் அதே வெளிச்சம் கிடைக்கும். டிடிஎல்லை நடந்துகொண்டே எடுக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2 மீட்டரில் இருந்தவர் 4 மீட்டருக்குப் போனால் 2 ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும், கையால் துரத்த முடியாது.

### குரூப்பில் எப்போதும் யாரோ ஒருவர் கண்மூடியிருக்கிறார்

டிடிஎல் உண்மையான அடிக்கு முன் அளவு பார்க்க ஒரு சின்ன அடி அடிக்கும். சிலருடைய கண் அந்த முதல் அடிக்கே மூடிவிடும், படம் விழும்போது இமை பாதி இறங்கியிருக்கும். மேனுவலுக்குப் போனால் முன் அடியே கிடையாது. டிடிஎல்தான் வேண்டுமென்றால் கேனானில் எஃப்இ லாக், நிக்கானில் எஃப்வி லாக். பட்டனை அழுத்தியதும் முன் அடி போய்விடும், எல்லோரும் கண் சிமிட்டி முடித்ததும் படத்தை எடுங்கள்.

## முகம் நீலம், பின்னணி ஆரஞ்சு

ஃபிளாஷ் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 3200. ஆட்டோ ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. ஃபிளாஷ் தலையில் ஃபுல் சிடிஓ ஜெல் (ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள்) ஒட்டி, ஒயிட் பேலன்ஸை 3200 பக்கம் வையுங்கள். பின்னணியில் கொஞ்சம் இதமான மஞ்சள் தங்க வேண்டும் என்றால் அரை சிடிஓ ஜெல்லும் 3800ம். ஜெல் வெளிச்சத்தையும் குடிக்கும் என்பதால் பவரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இந்த மொத்தப் பட்டியலில் மிக மலிவான பொருள் இதுதான், பையில் பெரும்பாலும் இல்லாத பொருளும் இதுதான்.

முகத்தில் ஊதா, நீல மேடை விளக்கு நேராக விழுந்தால் ஜெல் உதவாது. ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) நீலச் சேனல் மட்டும் முட்டி நிற்கும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். முடிந்தால், சடங்கு நேரத்துக்கு அந்த விளக்கை வெள்ளைக்கு மாற்றச் சொல்லி விளக்குக்காரரிடம் முன்னாலேயே பேசி வையுங்கள்.

## படம் ஷார்ப்பாக இல்லை

லென்ஸை மாற்றத் தோன்றும் முதல் அறிகுறி இது. மாற்றுவதற்கு முன் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஃபிரேம் முழுக்க மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.

### எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

கை ஷேக். சின்ன விளக்குப் புள்ளிகளைப் பாருங்கள், புள்ளியாக இல்லாமல் கோடாக இருக்கும். 200 மி.மீ.யில் 1/200க்குக் கீழே போகாதீர்கள். 45 மெகாபிக்சல் பாடி என்றால் 1/400. ஸ்டெபிலைசர் சுவிட்ச் ஆஃபில் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை.

### மேடை ஷார்ப், ஆள் மட்டும் கலங்கல்

ஆள் அசைந்திருக்கிறார். ஸ்டெபிலைசர் இதற்கு ஒன்றும் செய்யாது. நிற்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500. ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றியும் இந்த ஷட்டர் கிடைக்கவில்லை என்றால் அப்போதுதான் உண்மையிலேயே லென்ஸ் போதவில்லை. எஃப் 5.6ல் முடியும் கிட் ஜூமைக் கழற்றி எஃப் 1.8 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) மாட்டினால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் வரும். 50 மி.மீ. எஃப் 1.8 அநேகமாக எந்தக் கம்பெனியிலும் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று, எஃப் 2.8 ஜூமுக்குப் பணம் சேர்க்கும்வரை அதை வைத்தே காலம் தள்ளலாம்.

### காதோ பின்னால் இருப்பவரோ ஷார்ப், கண் இல்லை

முதலில், ஷார்ப்பாக விழும் ஆழம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். 85 மி.மீ., எஃப் 1.4, 2 மீட்டர் தூரம்: மொத்தம் சுமார் 4.6 செ.மீ. மூக்கு நுனியில் ஃபோகஸ் வைத்தால் காது போய்விடும். 200 மி.மீ., எஃப் 2.8, 5 மீட்டர்: சுமார் 10 செ.மீ. அருகருகே நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் அவர் அவுட். இருவர் படத்துக்கு எஃப் 4, இரண்டு மூன்று வரிசை குரூப்புக்கு எஃப் 5.6, ஃபோகஸ் முன்வரிசை முகத்தில். எஃப் 1.4 லென்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டோமே என்று எப்போதும் எஃப் 1.4லேயே எடுப்பதுதான் இந்தப் பகுதியின் பாதிப் புகார்களுக்கு வேர்.

அடுத்து, நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்துக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் சரிசெய்யும் பழக்கம். அந்தத் திருப்பலிலேயே சில செ.மீ. தப்பிவிடும். புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்துங்கள், மிரர்லெஸ் என்றால் கண் கண்டுபிடிப்பை ஆன் செய்யுங்கள்.

எஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள) பாடியில் எப்போதும் ஒரே பக்கம் தப்பினால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (மெனுவில் ஃபோகஸை நுண்ணிய அளவில் திருத்துவது). குவியத் தூரத்தின் 50 மடங்கு தள்ளி, அதாவது 85 மி.மீ.க்கு 4.25 மீட்டரில், தட்டையான ஒரு அட்டையை நேராக நிறுத்தி, பக்கத்தில் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஐந்தாறு படம் எடுங்கள். ஒரு படத்தை மட்டும் நம்பி எண்ணை மாற்றாதீர்கள். படங்கள் முன்னும் பின்னுமாகச் சிதறினால் அட்ஜஸ்ட்மென்ட் தீர்க்காது. ±20 முழுதும் போதவில்லை என்றாலும் சர்வீஸ் சென்டர்தான்.

### ஒரு பக்கம் ஷார்ப், மறுபக்கம் கலங்கல்

செங்கல் சுவருக்கு நேராக, டிரைபாடில், எஃப் 2.8லும் எஃப் 8லும் எடுத்துப் பாருங்கள். நாலு மூலைகளில் ஒன்று மட்டும் தொடர்ந்து குழைந்தால் உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது. கீழே விழுந்த ஜூமில் இது சகஜம், வெளியே கீறல்கூட இருக்காது. வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. பழைய லென்ஸ் வாங்கப் போகும்போதும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

### முழுப் படமும் பால் ஊற்றியதுபோல் வெளுப்பு

கைரேகை, மலிவான யுவி ஃபில்டர், ஹூடு இல்லாமை என்ற வரிசையில் பாருங்கள். மேடை விளக்குகளின் பச்சைப் பொட்டுகள் எதிர்ப்பக்கம் மிதந்தால் அது ஃபில்டரின் வேலை, கழற்றிவிட்டு எடுங்கள். துடைக்கும்போது முதலில் ஊதுகுழாய், பிறகு தூரிகை, கடைசியில் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் அல்ல.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மங்கினால் ஆவி. துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பையை மூடியபடியே 20, 30 நிமிடம் வெளிக் காற்றில் வைத்துவிட்டுத் திறப்பதுதான் வழி, அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் இழைகள் தெரிகிறதா? அது பூஞ்சை. மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து, சர்வீஸுக்குக் கொடுங்கள். ஓரத்தில் தொடங்கியிருக்கும்போதே கொடுத்தால் கண்ணாடியின் பூச்சு பிழைக்க வாய்ப்பு அதிகம்.

## ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, நிற்பதில்லை

- லென்ஸில் எம்எஃப் (கையால் ஃபோகஸ்) சுவிட்ச். பையிலிருந்து எடுக்கும்போது தானாகத் தள்ளிவிடும்.
- 70-200ல் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்). 2.5 அல்லது 3 மீட்டர் முதல் என்று வைத்திருந்தால் அருகில் வருபவரைப் பிடிக்காது.
- குறைந்தபட்சத் தூரம். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் சுமார் 0.8 மீட்டருக்குள் பிடிக்காது. மோதிரத்தை அதில் எடுக்க முயல வேண்டாம். 90 முதல் 105 மி.மீ. மேக்ரோ, அல்லது மிகக் குறைந்த செலவில் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்).
- இருட்டு. ஃபிளாஷ் காட்டும் சிவப்புக் கட்டம் எஸ்எல்ஆரில் ஒற்றை ஃபோகஸ் மோடில் மட்டும்தான் வரும். பெரும்பாலான மிரர்லெஸ் பாடிகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. உதவியாளரிடம் ஒரு சின்ன எல்இடி கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள்.

## ஃபிரேமில் அடங்கவில்லை, அல்லது ஓரத்தில் நிற்பவர் அகலமாகிறார்

எந்த லென்ஸ் வாங்குவது என்ற கேள்விக்கு விடை மண்டபத்தின் நீளத்தில் இருக்கிறது. ஒருவரைத் தலை முதல் கால் வரை, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க 35 மி.மீ.க்குச் சுமார் 2.1 மீட்டர், 85க்கு 5.2, 200க்கு 12 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். 5 மீட்டர் அகலக் குரூப்புக்கு 35ல் 4.9 மீட்டர், 24ல் 3.3. இந்த எண்களோடு மண்டபத்துக்கு ஒருமுறை போய், மேடையிலிருந்து அடிகளை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் எதையும்விட இது பயன்படும்.

ஓரத்து ஆள் அகலமாவது 24க்குக் கீழே போவதால். பின்னால் இடம் இருந்தால் தள்ளி நின்று 35க்கு மேல் எடுங்கள். இடம் இல்லையென்றால் குரூப்பை இரண்டு வரிசையாக்கி, ஓரத்தில் காலி விட்டு எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். முகம் மட்டும் எடுக்கும்போது மூக்கு பெரிதாகத் தெரிந்தால் மிக அருகில் நிற்கிறீர்கள், 85க்கு மாறிப் பின்னால் போங்கள்.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: 24-70 எஃப் 2.8 முதலில். மேடையிலிருந்து தள்ளித்தான் நிற்க முடியும் என்ற வேலைகள் அதிகம் வந்தால் 70-200 எஃப் 2.8, சின்ன அறைகளில்தான் பெரும்பாலும் வேலை என்றால் அதற்குப் பதில் 35, 85 பிரைம் ஜோடி. 16-35 கடைசி. எதையும் ஒரு வேலைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

## கேமரா எர்ரர் காட்டுகிறது

கேனானில் எர்ரர் 01 என்றால் பாடியும் லென்ஸும் பேசிக்கொள்ளவில்லை. ஆஃப் செய்து, லென்ஸைக் கழற்றி, பொன்னிற முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மாட்டுங்கள். நிக்கானில் எஃப்இஇ என்று வந்தால் பழைய லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் மிகச்சிறிய துவாரத்தில், அதாவது பெரிய எண்ணில், பூட்டப்படவில்லை.

துடைத்தும் திரும்ப வந்தால் இரண்டு சோதனை. எஃப் 2.8ல் எடுக்கிறது, எஃப் 8ல் எர்ரர் என்றால் அப்பர்ச்சர் இதழ்கள் சிக்கியிருக்கின்றன. 24ல் எடுக்கிறது, 50 தாண்டினால் எர்ரர் என்றால் ஜூமுக்குள் ஓடும் ஃபிளெக்ஸ் கேபிள் முறிந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சர்வீஸ் வேலை. அன்றைய வேலையை மட்டும் பிழைக்கும் எண்ணில் நிறுத்தி முடித்துக்கொள்ளலாம்.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி அல்லது கோடு

லென்ஸை மாற்றியும் இருந்தால் லென்ஸ் தப்பித்தது. எஃப் 16ல் தெரிந்து எஃப் 2.8ல் மறைந்தால் சென்சாரில் தூசி. பாடியைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுகுழாயால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். போகாவிட்டால் ஈரச் சுத்தம், அதை முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

லென்ஸ் மூடியைப் போட்டு எடுத்தாலும் நிறக் கோடோ புள்ளியோ தெரிந்தால் சென்சாரே கெட்டிருக்கிறது. நடன நேரத்தில் சுற்றும் லேசர் கற்றை ஒரு நொடி லென்ஸுக்குள் நேராக நுழைந்தாலே இது நடக்கலாம். சென்சார் மாற்றும் செலவு பல நேரம் பழைய பாடியின் விலையை எட்டிவிடும். லேசர் ஓடும்போது அதன் பக்கம் முதுகைக் காட்டி நின்று எடுங்கள். எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டு, லென்ஸைத் தரை நோக்கித் தொங்கவிடுங்கள்.